மூணேகால் டயர்

டயர் கடைக்காரன் வருகிறவனின் முகத்தைப் பார்ப்பதில்லை, பின்சக்கரத்தைத்தான் பார்ப்பான். ஓரம் தேய்ந்திருந்தால் காற்றடிக்கச் சோம்பல்படுகிறவன். நடுவில் தேய்ந்திருந்தால் காற்று ஓசிதானே என்று வாங்கி அடைத்துக்கொள்கிறவன். நூல் தெரியத் தேய்ந்திருந்தால் பேரத்தில் நம் உயிரை எடுக்கப் போகிறவன். கோவில்பட்டி எட்டயபுரம் ரோட்டில் பத்தொன்பது வருஷம் கடை போட்டுக் கற்ற ஜோசியம் இது. பெரும்பாலும் தப்பாது.

முப்பிடாதியின் பின்சக்கரத்தில் நூல் தெரிந்தது. ஆனால் அவர் பேரத்துக்கு வந்தவர் போலவே இல்லை. பயந்து வந்தவர் போல இருந்தார். இரண்டாயிரத்து நாலு, சித்திரை மாசம். எப்போதும்வென்றானிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் கரிசல் தடத்தில் போனால் வரும் ஒரு ஊர்க்காரர். (ஊருக்கு எப்போதும்வென்றான் என்று பெயர் வைத்தவனை ஒருநாள் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து ஜெயித்தவன் எவனும் என் கடைக்கு வந்ததில்லை.) மூன்று வருஷமாக மழை இல்லை. கம்பு இல்லை, உளுந்து இல்லை, பருத்தி முழங்காலுக்கு மேல் வரவில்லை. ஆடு மேய்க்கிற குடும்பம். மேயப் புல் இல்லாமல் போனதும் இருபத்தெட்டு ஆட்டையும் விற்று, அந்தப் பணத்தில் ஒரு நூறு சிசி வண்டி வாங்கி, பால் லைன் பிடித்திருந்தார்.

லைன் என்றால், சுற்றியுள்ள மூன்று சிற்றூர்களில் வீடு வீடாகப் பால் சேகரித்து, நாலு கேனில் நிரப்பி, காலை எட்டரைக்குள் கோவில்பட்டியில் பால் கம்பெனியின் குளிர்விக்கும் நிலையத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எட்டரைக்குக் கேட் அடைப்பார்கள். பிந்தினாலும் திரிந்தாலும் பால் திரும்பும். தொடர்ந்து மூன்று நாள் திரும்பினால் லைன் வேறு ஆளுக்கு மாறும். சட்டம் அவ்வளவுதான். அந்த வறட்சியில் மூன்று ஊருக்கும் வெளியூர்க் காசு வந்த ஒரே வாய்க்கால் முப்பிடாதியின் வண்டி. முப்பிடாதிக்கு அது அதற்கும் மேலே. ஆடு போய்விட்டது, நிலம் வானம் பார்த்துக் கிடந்தது, லைன் ஒன்றுதான் மிச்சம்.

"லோடு தாங்க மாட்டேங்குது அண்ணாச்சி," என்றார். "மாசத்துக்கு ரெண்டு பஞ்சர். பஞ்சரானா பிந்திருது. போன மாசம் ரெண்டு நாளு அடுத்தடுத்துப் பால் திரும்பிருச்சு. மூணாம் நாளு மட்டும் திரும்பியிருந்தா இன்னைக்கு நான் லைன்ல இல்ல."

"டயரை மாத்தும்வே. இதுல ரப்பர் எங்க இருக்கு? நூலாம்படைதான் இருக்கு."

அவருடைய வண்டிக்கு ரெண்டே முக்கால் அங்குல டயர். கம்பெனியிலிருந்து வருவதே அதுதான். நானும் அதைத்தான் எடுக்கத் திரும்பினேன், சத்தியமாக. ஆனால் அவருடைய கண் மேலே போனது.

மேலே கொக்கியில் மூணேகால் டயர் இரண்டு தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் பண்ணையார் வீட்டுப் பிள்ளைகள் ஓட்டிய, இரண்டு பக்கமும் புகைக்குழாய் உள்ள பெரிய வண்டிகளுக்கு உள்ளது. வண்டிகள் இரும்புக்கடைக்குப் போய்விட்டன. பண்ணையார் பிள்ளைகள் சென்னைக்குப் போய்விட்டார்கள். டயர் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. தேங்கின சரக்கு. வியாபாரி வீட்டில் கல்யாணமாகாத பெண்ணும் தேங்கின சரக்கும் ஒன்று என்பார்கள். எவன் கேட்டு வந்தாலும் ஜாதகம் பார்க்கத் தோன்றாது.

இந்த இடத்தில் ஒரு தொழில் வித்தையைச் சொல்லியாக வேண்டும். தேங்கின சரக்கை நாமாகக் காட்டக்கூடாது. அவன் கண் அதில் பட வேண்டும். பட்டவுடனே, "அது உமக்கு வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நாம் பேச வேண்டிய அவசியமே இருக்காது.

"அது பெரிய வண்டிக்குள்ளது. உமக்கு எதுக்குவே?" என்றேன்.

"ஏன், நம்ம வண்டில ஏறாதோ?"

"ஏறும். ஏறாம என்ன? வேண்டாம், விலை கூட."

முப்பிடாதி எழுந்து போய் டயரை அடியிலிருந்து தடவிப் பார்த்தார். ஆட்டின் முதுகைத் தடவிப் பார்க்கிற மாதிரி. "மாட்டுவண்டிச் சக்கரத்துல பட்டை அகலமா இருந்தா மண்ணுல எறங்காதுல்லா? அதே கணக்குத்தானே இதுவும்? நல்ல அகலம். நாலு கேன் இல்ல, அஞ்சு கேன் தாங்கும்."

பழைய டயரைக் கழற்றிக்கொண்டிருந்த கருத்தப்பாண்டி நிமிர்ந்து பார்த்தான். கருத்தப்பாண்டி என் கடைக்கு என்னைவிட மூத்தவன். எனக்கு முன்னால் அங்கே சைக்கிள் கடை இருந்தபோதே அந்த மரத்தடியில் பஞ்சர் ஒட்டியவன். "கரிசலுக்கு அகலம் ஆகுமா அண்ணாச்சி? மழ பெஞ்சா?" என்றான்.

முப்பிடாதி சிரித்துவிட்டார். "மழையா? எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு மழைய எழுதத்தான் தெரியும். எம் பேரன் போன வருசம் நாலு தூத்தல் விழுந்ததுக்கு, யாரோ தண்ணிய வீசுதாங்கன்னு அழுதுக்கிட்டு வீட்டுக்குள்ள ஓடுனான்."

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தோம். கருத்தப்பாண்டியும் சிரித்தான். கரிசல்காட்டில் பிறந்து, கரிசல் மண்ணைத் தின்று வளர்ந்த ஆட்கள்தான் எல்லாரும். ஈரக் கரிசல் என்ன செய்யும் என்பது எங்களுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் மூன்று வருஷம் பெய்யாத மழையை எவன் கணக்கில் வைப்பான்? இறந்துபோனவனைப் பந்தியில் கணக்கெடுப்பதில்லையே.

மாட்டினான். உள்ளே போனது, ஆனால் சங்கிலியை மூடியிருக்கும் தகரத்தில் உரசியது. "செயின் கவர் இடிக்குது அண்ணாச்சி."

"கழத்திரு. பாதி வண்டில கவரே இல்ல, ஓடாமலா இருக்கு?"

கவரைக் கழற்றி ஒரு சாக்குத்துண்டில் சுற்றி முப்பிடாதியிடம் கொடுத்தான். அப்புறம் வழக்கம்போல டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தான். ரெண்டே முக்கால் என்றால் மூன்று விரல் தாராளமாகப் போகும். அவன் ஆள்காட்டி விரலை மட்டும் நுழைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஒரு விரல்தான் போகுது அண்ணாச்சி."

அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். 'இது சரியில்லை, சொல்லிவிடுங்கள்' என்று அர்த்தம். காலையில் முதல் ஆள். போணி ஆகவில்லை. போணிக்கு வந்தவனைத் திருப்பியனுப்பினால் அன்று பூராவும் கல்லா ஈயோட்டும் என்று நம்புகிற வம்சம் எங்களுடையது.

"விரல் போனாப் போதாதா?" என்றேன். "அவரு என்ன, கையையா விடப் போறாரு?"

முப்பிடாதிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது திரும்பவும் ஒருமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "கையையா விடப் போறாரு!" எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரே காலையில் தேங்கின சரக்கும் போனது, ஒரு பகடியும் எடுபட்டது.

சித்திரையிலிருந்து புரட்டாசி வரைக்கும் ஒரு பஞ்சர் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை கடை முன்னால் ஹாரன் அடித்துவிட்டுப் போவார். "ஒங்க டயரு சிங்கம் அண்ணாச்சி!" என்று ஓட்டத்திலேயே கத்துவார். அஞ்சாவது கேனும் ஏறிவிட்டது. நான் மற்ற பால்காரர்களுக்கு அவரைச் சாட்சியாகக் காட்டினேன். இரண்டாவது மூணேகாலையும் விற்கப் பார்த்தேன். ஒருத்தனும் வாங்கவில்லை. வேறு ஒன்றும் காரணமில்லை, விலைதான்.

ஐப்பசி ஏழாம் தேதி மழை பிடித்தது.

எங்கள் ஊரில் மழை பெய்தால் தீப்பெட்டிக் கம்பெனிக்காரன் முகம் கறுக்கும், விவசாயம் பார்க்கிற சம்சாரி முகம் மலரும். குச்சி காயாது என்று அவன் திட்டுவான், கம்பு முளைக்கும் என்று இவன் கும்பிடுவான். அந்த வருஷம் தீப்பெட்டிக்காரர்கள்கூடத் திட்டவில்லை. மூன்று வருஷம் காய்ந்தவனுக்குத் திட்டவும் மனசு வராது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. நான்கூடக் கடையை அடைத்துவிட்டு மழையை வேடிக்கை பார்த்தேன்.

கொட்டிய இரண்டு நாளும் முப்பிடாதி வந்து சேர்ந்துவிட்டார். தொப்பலாக நனைந்து, பத்து நிமிஷம் முன்னாலேயே. கரிசல் அப்படித்தான். பெய்யும்போது கூழாக இருக்கும், சக்கரத்தில் ஒட்டினாலும் தண்ணீரே கழுவிவிடும். மழை விட்டு, லேசாக வெயில் அடித்து, மண் பாதி காயும் பாருங்கள், அப்போதுதான் அது தன் குணத்தைக் காட்டும். செருப்போடு பத்து அடி நடந்தால் காலில் ஆளுக்கு இரண்டு கிலோ மண். சைக்கிள்காரன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பான். மோட்டார் சைக்கிள்காரன் கையில் ஒரு உடைமரக் குச்சி வைத்திருப்பான். நூறு அடிக்கு ஒருதரம் நிறுத்தி, மட்கார்டுக்குள் குச்சியை விட்டு மண்ணைத் தள்ளுவான். மூன்று விரல் இடைவெளி இருந்தால் குச்சி போகும், மண் விழும்.

ஒரு விரல் இடைவெளியில் குச்சியும் போகாது, மண்ணும் விழாது.

இனி நான் சொல்வது கண்ணால் பார்த்ததில்லை. பால் கம்பெனி வாட்ச்மேன் கருத்தப்பாண்டியிடம் சொல்லி, கருத்தப்பாண்டி என்னிடம் சொன்னது. சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, டயருக்குச் சோப்புத்தண்ணீர் தடவிக்கொண்டே சொன்னான்.

மழை விட்ட முதல் நாள், அந்த நாலு கிலோமீட்டர் தடத்தில் பாதியில் சக்கரம் பூட்டிக்கொண்டது. அகல டயர் அகலமாகவே மண்ணை வாரியிருந்தது. ஐந்து கேனையும் இறக்கி, வண்டியைப் படுக்கப் போட்டு, தென்னை ஈர்க்கால் குடைந்து எடுத்து, திரும்ப ஏற்றி, அடுத்த நூறு அடியில் மறுபடி பூட்டி, கோவில்பட்டிக்கு வரும்போது மணி பத்து. பால் திரும்பியது. இரண்டாம் நாள் ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பினார். அன்றைக்கும் ஒன்பதேகால். திரும்பியது. மூன்று ஊர்க்காரர்களும் அவரவர் பாலை அவரவரே திரும்ப வாங்கிக்கொண்டு, மழை பெய்த சந்தோஷத்தில் ஒன்றும் சொல்லவில்லையாம். காட்டில் ஏர் பூட்டியிருந்தார்கள். ஊரே அண்ணாந்து கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, மழையைப் பார்த்துக் காறித் துப்பிய ஒரே ஆள் முப்பிடாதிதான்.

மூன்றாம் நாள் சக்கரம் பூட்டியது எப்போதும்வென்றான் தார் ரோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். இருநூறு அடி. அவ்வளவுதான் பாக்கி. மணி ஏழே முக்கால். ரோட்டில் ஏறிவிட்டால் எட்டரைக்குள் அடித்துப் பிடித்துப் போய்விடலாம். கேன்களை இறக்கி, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தினார். இஞ்சினை ஓடவிட்டு முதல் கியரைப் போட்டார். சக்கரம் தானே சுற்றி மண்ணை உதறட்டும் என்பது யோசனை. தேய்ந்த கிளட்ச் வழுக்கி இஞ்சின் முனகியது, சக்கரம் சுற்றவில்லை. குனிந்து, ஒரு விரல் போகிற அந்தச் சந்தில் விரலைக் கொடுத்து மண்ணை நோண்டினார். ஒரு பெரிய கட்டி பிய்த்துக்கொண்டு வந்தது. பூட்டு விட்டதும் சக்கரம் ஒரே பாய்ச்சலாகச் சுற்றியது. பதறி இழுத்த கை பக்கத்திலிருந்த சங்கிலியில் போய் விழுந்தது. கவர்தான் இல்லையே.

வலது கை ஆள்காட்டி விரல். அடியோடு.

பால் அன்றைக்கும் திரும்பியது என்று சொல்ல முடியாது. கோவில்பட்டிக்கே வரவில்லை. தடத்தோரம் ஐந்து கேனும் வரிசையாக உட்கார்ந்து திரிந்துபோயின. நாலாம் நாளிலிருந்து லைன் லிங்கராஜுக்கு. பக்கத்து ஊர்க்காரன், மொபெட்டில் கருவாடு விற்றவன். கம்பெனியில் சட்டப்படி செய்தார்கள், தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. சட்டப்படி நானும் ஒன்றும் செய்யவில்லை. 'உமக்கு வேண்டாம்' என்று சொன்னதற்குக் கடையில் சாட்சி உண்டு.

கார்த்திகையில் ஒருநாள் முப்பிடாதி வந்தார். வண்டியை ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். கூட அவர் மனைவி ஆவுடைத்தாய். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மினி லாரியில் ஏற்றி வந்திருக்கிறார்கள். கையில் வெள்ளைத் துணிக்கட்டு அழுக்காகியிருந்தது.

"வாங்க, வாங்க," என்றேன். "காப்பி சொல்லட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாம்," என்றாள் ஆவுடைத்தாய். "டயர மாத்தணும். பழைய சைசு போடுங்க."

"திரும்ப லைனுக்குப் போறீங்களா?"

"வண்டிய விக்கோம். லிங்கராஜுதான் வாங்குதான். மொபெட்டுல கேன் நிக்கலையாம். 'அந்தத் தடியன, அகல டயர, கழத்திட்டுக் கொண்டாங்க'ன்னு சொல்லிட்டான். 'அகலத்துக்கு வெல கெடையாது, அதோட எவனும் வாங்க மாட்டான்'ங்கான்."

முப்பிடாதி பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நான் அன்னைக்கே வேண்டாம்னுதான் சொன்னேன்," என்றேன்.

"சொன்னீங்கன்னு அவியளும் சொன்னாவ." புருஷனைக் கண்ணால் காட்டிச் சொன்னாள், குரல் ஏறவே இல்லை. "வேண்டாம்னு சொன்ன மொறையையும் சொன்னாவ. நீங்க சொன்ன இன்னொண்ணையும் சொன்னாவ. விரல் போனாப் போதாதா, கையையா விடப் போறாருன்னு. ஆறு மாசமா அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாவ அண்ணாச்சி. பால் ஊத்த வார வீடெல்லாம் சொன்னாவ. ஊரே சிரிச்சோம். நானுந்தான் சிரிச்சேன்."

கருத்தப்பாண்டி ஸ்பானரை எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை.

"விரல் போச்சு. போதுமான்னு கேட்டுட்டுப் போலாம்னுதான் நானும் கூட வந்தேன்," என்றாள்.

"ஏட்டி, சும்மாரு," என்றார் முப்பிடாதி. அவர் அன்று பேசிய முதல் வார்த்தை. அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "ரெண்டே முக்கால் என்ன வெல அண்ணாச்சி?"

"நீங்க ஒண்ணும் தர வேண்டாம். போட்டுத் தாரேன்."

"சும்மா வேண்டாம். வெலையச் சொல்லுங்க."

சொன்னேன். இத்தனை வருஷமாக வாய் பழகிய பாழாய்ப்போன பழக்கம், கடைக்கு வருகிற எவனுக்கும் சொல்கிற விலையையே சொல்லிவிட்டேன். நாலில் ஒரு பங்கு பேரத்துக்காக ஏற்றிச் சொல்வது. அவன் பாதிக்குக் கேட்பான், நான் நெஞ்சைப் பிடிப்பேன், அவன் எழுந்திருப்பான், நான் கூப்பிடுவேன். அப்படித்தான் அது நடக்க வேண்டும்.

முப்பிடாதி இடது கையால் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுக்க ஆரம்பித்தார்.

"வேண்டாம், அம்பது குறைச்சுக் குடுங்க," என்றேன்.

அவர் ஒவ்வொரு நோட்டாக எடுத்துக்கொண்டே இருந்தார்.

"நூறு குறைச்சுக்குங்க. அசலுக்கே தாரேன்."

நோட்டுகளைத் தொடையில் வைத்து எண்ணினார்.

"நீரே ஒரு விலை சொல்லும்வே," என்றேன். நான் பிறந்த வீட்டில் புளி வாங்கினாலும் பொண்ணு எடுத்தாலும் பேரம் உண்டு. பேரம் பேசுகிறவன் நம்மை ஒரு ஆளாக மதிக்கிறான் என்று அர்த்தம். என்னோடு நானே பேரம் பேசி, நானே தோற்று, நானே இறங்கிக்கொண்டிருந்த ஒரே வியாபாரம் அதுதான். எதிரில் இருந்தவர் கேட்டுக்கொண்டுகூட இல்லை. முதலில் சொன்ன விலையை அப்படியே பெஞ்சின் மேல் வைத்துவிட்டார். ஆவுடைத்தாய் அதன் மேல் ஒரு ஸ்பானரை எடுத்துப் பாரம் வைத்தாள், காற்றில் பறந்துவிடாமல்.

கருத்தப்பாண்டி டயரை மாட்டினான். முப்பிடாதி பைக்குள்ளிருந்து சாக்குத்துண்டை எடுத்துக் கொடுத்தார். அதற்குள் செயின் கவர், அன்று சுற்றிக் கொடுத்த மாதிரியே இருந்தது. அதையும் மாட்டினான். கடைசியில் பழக்கதோஷத்தில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டான். மூன்று விரல் போனது. என்னைப் பார்த்து வாயைத் திறந்தவன், சொல்லாமல் கையை வெளியே எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"அந்தத் தடியன?" என்றேன், கழற்றிப் போட்ட மூணேகாலைக் காட்டி. "கொண்டு போறீங்களா?"

"நீங்களே வச்சிருங்க. ஒங்க சிங்கம்லா," என்றாள் ஆவுடைத்தாய்.

அவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும். அப்போதும் பின்சக்கரத்தைத்தான் பார்த்தேன்.

டயரைக் கழுவச் சொன்னேன். கருத்தப்பாண்டி கேட்காத மாதிரி இருந்துவிட்டான். நானே கழுவினேன். டயரில் பட்டன் பட்டனாக இருக்கும் ரப்பரின் இடுக்கில் ஏறியிருந்த கரிசல் காய்ந்து கல்லாகி இருந்தது. ஆணி வைத்துத்தான் நோண்ட வேண்டியிருந்தது. கழுவித் துடைத்து, பழைய கொக்கியிலேயே, அதன் ஜோடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன்.

மாசியில் ஒரு காலை. கடை திறந்து தண்ணீர் தெளித்த கை காயவில்லை. புதூர்ப் பக்கத்து ஆள் ஒருத்தர், ஆட்டுச் சந்தைக்குக் கிடாய் ஏற்றிப் போகிறவர். பின்சக்கரத்தில் நூல் தெரிந்தது. அவருடைய கண் மேலே போனது.

"அது என்ன சைசு அண்ணாச்சி?"

போணி ஆகவில்லை. மழை நின்று மூன்று மாசம் ஆகியிருந்தது. ரோடெல்லாம் புழுதி.

"அது உமக்கு வேண்டாம்," என்றேன்.

இந்தத் தடவை மனசாரத்தான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வார்த்தை அதே வார்த்தை. அது செய்கிற வேலையை அது செய்தது. "ஏன், நம்ம வண்டில ஏறாதோ?" என்று கேட்டபடியே அவர் எழுந்து கொக்கிப் பக்கம் போனார். நான் இரண்டாவது வார்த்தை சொல்லவில்லை. கருத்தப்பாண்டி தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டான். நானே மாட்டிக் கொடுத்தேன். நானே விரலை விட்டுப் பார்த்தேன்.

பகடி ஒன்றும் சொல்லவில்லை.